காய்ச்சலுக்கும் ஓர் அடங்கல் வேண்டும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனைச் சிலர், கணக்கே பார்க்கலாகாது என்பதற்கு ஆதாரமாகக் கொள்வதுண்டு. அது பொருந்தாது. விதையை அளந்து விதைப்பவனும், எருவை அளந்து இடுபவனும், நீரை அளந்து பாய்ச்சுபவனுமே பயிர்த்தொழிலில் நிலைபெறுகிறான் என்பதை அனுபவசாலிகள் யாவரும் ஒப்புக்கொள்வர். இவ்வாறு பலவற்றை அளக்கும் நாம், நம் பண்ணையாட்களின் கை கால்களை ஓயச்செய்து நடவையும் அறுவடையையும் தாமதப்படுத்தும் ஒன்றை மட்டும் அளவாமல் விட்டுவிடுகிறோம். அதுவே மலேரியா என்னும் குளிர்காய்ச்சல்.

காய்ச்சலைப்பற்றிப் பேச விவசாய இலாகாவினனுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நான் வைத்தியன் அல்லன். வைத்தியம் சொல்லவும் புகவில்லை. ஆயினும் இந்நோயைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு, நாம் கொண்டுவரும் நீரிலும், நாம் வெட்டும் குழியிலும், நாம் தூர்வாராது விடும் வாய்க்காலிலும் பிறக்கிறது. நீருக்குப் பொறுப்பாளிகள் நிலத்துக்கு உடையவர்களே. ஆகையால் இந்த விஷயம் சுகாதார இலாகாவுக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு நமக்கும் உரியது. இந்நோயின் பரவலை அளப்பது எவ்வாறு, அளவாமல் விடுவதால் விளையும் கேடு யாது, அளக்கும் பணியில் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தரும் ஏற்கவேண்டிய பங்கு எது என்பனபற்றி என் அபிப்பிராயத்தை இங்கே கூற விரும்புகிறேன்.

நோயின் காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே அதனை அளக்க முடிந்தது என்பது வியப்பாகத் தோன்றும். வடநாட்டில் மேற்கு யமுனா கால்வாயின் பாசனப் பிரதேசத்தில், கர்னால் முதலிய இடங்களில் காய்ச்சல் மிகுந்தபோது, 1845-ஆம் ஆண்டில் பேக்கர், டெம்ப்ஸ்டர், யூல் என்னும் மூவர் அடங்கிய கமிட்டி ஒன்று நியமிக்கப்பட்டது. அவர்களுள் வைத்தியரான டெம்ப்ஸ்டர் கிராமந்தோறும் சென்று, ஜனங்களின் இடது விலாவின் கீழ்க் கையை வைத்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அடிக்கடி மலேரியாவில் விழுந்தவர்களுக்கு மண்ணீரல் பருத்து விலாவெலும்பின் கீழே கைக்குத் தட்டுப்படும். நூறு பேரில் எத்தனை பேருக்கு அவ்விதம் தட்டுப்படுகிறது என்று எண்ணி, ஊரை ஊரோடு ஒப்பிட்டார். 1847-இல் வெளியான அறிக்கையின் முடிவு நம்மவர் கவனத்துக்கு உரியது. கால்வாய் நீர் சென்ற எல்லா இடங்களும் நோய்ப்பட்டிருக்கவில்லை. கால்வாயின் கரை இயற்கையான வடிகாலை மறித்து, கனத்த களிநிலத்தில் நீர் தேங்கிய இடங்களிலேயே வீக்கம் மிகுந்திருந்தது. இலேசான மண்ணும் தடையற்ற வடிகாலும் உள்ள ஊர்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. குற்றம் பாசனத்தின்மீது அன்று, வடிகாலின்மையின்மீதே என்பது இதனால் வெளிப்பட்டது.

இது நடந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே, 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆந் தேதி, செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். கொசுவைப்பற்றி ஒன்றும் அறியாத காலத்திலேயே, ஒழுங்காக எண்ணிப் பார்த்ததனால் மாத்திரம் வடிகாலின் அவசியம் தெரியவந்தது. எண்ணுவதால் என்ன பயன் என்பவர்களுக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

மண்ணீரல் எண்ணிக்கை பின்னர் ஒரு முறையான அளவுகோலாகவே ஏற்பட்டது. 2 வயதுமுதல் 9 வயதுவரை உள்ள குழந்தைகளை ஆராய்ந்து, நூற்றுக்குப் பத்துக்கு உட்பட்டவர்களுக்கு வீக்கமிருந்தால் சொற்பப் பரவல் என்றும், பதினொன்று முதல் ஐம்பது வரையாயின் நடுத்தரம் என்றும், எப்பொழுதும் ஐம்பதுக்கு மேலாயின் கடும்பரவல் என்றும், எழுபத்தைந்துக்கு மேலாயின் மிகக் கடும்பரவல் என்றும் 1950-இல் கம்பாலா நகரில் கூடிய மலேரியா மகாநாட்டின் வாயிலாக வகுக்கப்பட்டது. பெரியவர்கள் பலமுறை நோயுற்றுச் சிறிது எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பர். குழந்தைகள் அவ்வாறு பெறவில்லை. குழந்தைகளை முக்கியமாக அளப்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது அளவு இரத்தப் பரிசோதனை. விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தால் கிருமி தென்படும். இக்காலத்தில் கால் மணி நேரத்துக்குச் சற்று ஏறக்குறைய விடை தரும் சோதனைப் பட்டைகளும் உள்ளன. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தத்தில் கிருமி காணப்படுமாயின் அதற்குத் தனிப் பொருளுண்டு. அக்குழந்தை பிறந்தபின் வெளியூர் சென்றதில்லை யெனில், நோய் இந்த ஊரிலேயே, இந்த ஓராண்டுக்குள்ளாகவே பரவியிருக்கிறது என்று கருதுவதற்கு அது வலுவான ஆதாரம்.

மூன்றாவது அளவு கொசுவைப்பற்றியது. ஒரு மனிதனை ஓர் இரவில் எத்தனை அனாபிலிஸ் கொசுக்கள் கடிக்கின்றன, அவற்றுள் நூற்றுக்கு எத்தனை தம் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமியை வைத்திருக்கின்றன என்னும் இரண்டையும் பெருக்கினால், அவ்வூரில் ஒருவனுக்குக் கிடைக்கும் நோய்க்கடிகளின் எண்ணிக்கை வரும். உதாரணமாக, இரவுக்கு 5 கடியும், நூற்றில் ஒரு கொசுவுக்குக் கிருமியும் இருப்பதாக வைத்துக்கொண்டால், வருஷத்துக்குப் பதினெட்டு நோய்க்கடிகள் ஆகும். இக்கணக்கில் கொசுவின் ஆயுளுக்கு மிகுந்த முக்கியத்துவம் உண்டு. கொசுவின் உடலில் கிருமி முதிர்வதற்கு வெப்பநாட்டில் ஏறக்குறையப் பத்து நாள் ஆகும். நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசுக்கள் பிழைக்குமாயின், பத்தாம் நாள் முடிவில் நூற்றில் முப்பத்தைந்து எஞ்சும். எழுபதே பிழைக்குமாயின் மூன்றுக்குமேல் எஞ்சா. வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பது எல்லாக் கொசுவையும் ஒழிப்பதற்கன்று, அவற்றை முதுமை யடையாமல் தடுப்பதற்கே என்பதை இதனால் உணரலாம். மருந்தடிக்க வருவோரைத் தெருவோடு அனுப்பிவிடும் குடும்பத்தார் இக்கணக்கைச் சிந்திப்பார்களாக.

நம் தேசத்தில் இப்பொழுது கையாளப்படும் அளவு, ஆயிரம் ஜனங்களுக்கு ஆண்டில் எத்தனை பேருக்கு இரத்தப் பரிசோதனையில் மலேரியா உறுதியாயிற்று என்பதாகும். இது சிறந்த அளவே. ஆயினும் இதில் ஒரு பெரும் பள்ளம் உண்டு. 2,000 ஜனங்கள் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் காய்ச்சல்காரர் 200 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 4 பேருக்கு மலேரியா கண்டால், ஆயிரத்துக்கு 2 என்று கணக்காகும். மறுவருஷம் 50 பேரை மட்டும் சோதித்து ஒருவருக்குக் கண்டால், ஆயிரத்துக்கு அரை என்று கணக்காகும். நோய் காலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று ஊரார் மகிழ்வர். உண்மையில் சோதித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு என்னும் விகிதம் இரண்டு வருஷமும் ஒன்றே. குறைந்தது சோதனைதானேயொழிய நோய் குறைந்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. ஆகவேதான் ஜனத்தொகையில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பத்துப் பேரையேனும் சோதிக்கவேண்டும் என்று மலேரியாத் திட்டத்தில் விதி செய்தனர்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இது புதிய செய்தியன்று. பயிர் அறுவடைப் பரிசோதனையில் நாம் செய்வதென்ன? சாலையோரத்தில் செழித்து நிற்கும் வயலைத் தேர்ந்தெடுத்து அறுத்து, இதுவே இக்கிராமத்தின் மகசூல் என்று எழுத அனுமதி உண்டா? இல்லை. எந்தச் சர்வே எண், வயலின் எந்த மூலை என்பனவெல்லாம் நம் விருப்பத்துக்கு விடப்படாமல் முன்கூட்டியே குறிக்கப்படுகின்றன. விளைச்சலில் இவ்வளவு நேர்மை வேண்டப்படும்போது, காய்ச்சல் கணக்கில் ஆஸ்பத்திரிக்குத் தாமாக வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஊர்க்கோடியிலும் பம்புசெட்டுக் கொட்டகையிலும் செங்கற் சூளையிலும் கிடப்பவர்களை விட்டுவிடுவது எவ்வாறு தகும்? கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவன் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஆனால் அவனைக் கடித்த கொசு அவனைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

நோய் மிகவும் குறைந்துவிட்ட இக்காலத்தில் இவ்வளவு கவலை எதற்கு என்பர் சிலர். தமிழ்நாட்டில் மலேரியா பெரிதும் தணிந்திருப்பது உண்மையே. அதற்காக நாம் மகிழ்வதும் நியாயமே. ஆனால் தணிந்த காலமே கணக்கு மிகவும் வேண்டிய காலம் என்பதற்குச் சரித்திரம் சாட்சி. நம் தேசம் சுதந்திரமடைந்த காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் இந்நோயுற்றனர் என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பயனாக 1965-இல் நோயாளிகள் ஒரு லட்சம் அளவிற்குக் குறைந்தனர். அதன்பின் விழிப்புத் தளர்ந்தது. மருந்துக்குப் பணியாத கொசுக்களும் பெருகின. 1976-இல் அத்தொகை அறுபத்துநான்கு லட்சத்துக்கு மேற்பட்டது. இலங்கையின் அனுபவமும் இத்தகையதே. 1963-இல் அத்தீவு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளிகள் 17 பேர் மாத்திரமே. வெற்றி கிட்டிவிட்டது என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் நெகிழ்ந்தது. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுத்தனர். பின்னர் அந்நாட்டினர் ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டு, அவன் எங்கே நோயைப் பெற்றான் என்று ஆராய்ந்து, பல்லாண்டு உழைத்து, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழைப் பெற்றனர். நம் கொசுவை ஒத்த கொசுவே அங்கும் நோயைப் பரப்பியது. நம் நெல்லை ஒத்த நெல்லே அங்கும் விளைகிறது.

நோய் அருகிய இடத்தில் அளக்கும் முறையும் மாறவேண்டும். நூறு குழந்தைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தென்படாது. அங்கே விகிதாசாரத்தால் பயனில்லை. ஒவ்வொரு நோயாளியும் ஒரு தனி விசாரணைக்கு உரியவன். சீன தேசத்தார், நோய் கண்ட ஒரு நாளுக்குள் தெரிவிப்பது, மூன்று நாளுக்குள் விசாரிப்பது, ஏழு நாளுக்குள் அவ்விடத்தில் தடுப்பு வேலை செய்வது என்று வரையறை செய்துகொண்டு, 2021-இல் மலேரியா அற்ற தேசமெனச் சான்று பெற்றனர். நோயாளி தன் ஊரிலேயே நோயைப் பெற்றானா, வெளியூரிலிருந்து கொண்டுவந்தானா என்னும் ஒரு கேள்விக்கு விடை எழுதப்படாவிட்டால், எந்த வாய்க்காலைத் திருத்துவது, எந்தத் தெருவில் மருந்தடிப்பது என்பது எவருக்கும் தெரியாது.

இனி நம் சொந்தக் கழனிக்கு வருவோம். மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, கல்லணைக் கால்வாயின் வழியாகப் பட்டுக்கோட்டைத் தாலூகாவுக்குப் புதுப்பாசனம் கிடைத்தது. நீருடன் மலேரியாவும் அங்கே வேரூன்றியது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சார்ந்த பால் ரஸ்ஸல் என்பார் 1930-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதிமுதல் அங்கே தங்கி, நைப், ராமச்சந்திர ராவ் முதலியோருடன் ஆராய்ச்சி நடத்தினார். வாய்க்காலின் கசிவு, கரைக்கு மண் வெட்டிய குழி, ஒழுங்கற்ற மடை, வடியாத பள்ளம் ஆகிய பாசனச் சீர்கேடுகளையே நோய்க்கு முக்கிய காரணமாக அவர் எடுத்துக் காட்டினார். கிராமப்புறத்தில் நோயைப் பரப்பும் குலிசிபேசிஸ் என்னும் கொசு, நட்ட வயலில் பயிர் இளமையாயிருக்கும்வரை முட்டையிடுகிறது என்றும், பயிர் ஏறக்குறைய ஓரடி வளர்ந்து நெருங்கியபின் அவ்வயலை விட்டு அகல்கிறது என்றும் அவர்கள் கண்டனர். வயலுக்கு விட்டு விட்டு நீர் பாய்ச்சி, இடையில் உலரவிடுவதால் புழுக்கள் மாள்கின்றனவா என்பதையும் சோதித்து 1942-இல் வெளியிட்டனர். இவையாவும் எண்ணி அளந்தமையால் அறிந்தவை, ஊகித்தவை அல்ல.

நம் இலாகா இன்று நெல்லுக்குச் சிபாரிசு செய்யும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்னும் முறை இதனோடு இயைந்ததே. நட்ட பயிர் வேர்பிடித்தபின், வயலில் நாட்டிய துளைக்குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் தாழும்வரை பொறுத்து, பின்னர் பாய்ச்சுவதும், பூக்கும் தருணத்தில் மட்டும் நீரை நிறுத்திவைப்பதும் இதன் சுருக்கம். மகசூல் குறையாமல் நீர் மிச்சமாகிறது. கொசு முட்டையிலிருந்து சிறகு பெறுவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று ஏறக்குறைய வேண்டும். அதற்குள் வயல் மெய்யாகவே உலருமாயின் புழு மாளும். வயலுக்குக் காய்ச்சல் கொடுப்பவன் தன் வீட்டுக்குக் காய்ச்சலைத் தடுத்துக்கொள்கிறான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வயல் சமன்படாமல் ஆங்காங்கே குழி இருக்குமாயின், நீர் வற்றும்போது புழுக்கள் எல்லாம் அக்குழியில் கூடிப் பிழைத்துவிடும். வடிகால் தூர்ந்திருந்தால், வயலிலிருந்து இறங்கிய நீர் வாய்க்காலில் நின்று அதே தீமையைச் செய்யும். எனவே சமன்படுத்துதலும் வடிகால் தூர்வாருதலும் இன்றி இம்முறை பாதிப் பலனே தரும்.

மேற்கூறியவற்றைக்கொண்டு நான் முன்வைக்கும் யோசனை இது. நிலத்துக்கு அடங்கல் இருப்பதுபோல ஒவ்வொரு கிராமத்திலும் காய்ச்சலுக்கும் ஓர் அடங்கல் இருக்கவேண்டும். முதலாவதாக, வாரந்தோறும் எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது என்று அதில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை என்றால் அதனையும் எழுதவேண்டும். எழுதப்பட்ட சூனியம் ஒரு கணக்கு, எழுதாமல் விட்ட வெற்றிடம் கணக்கன்று. இரண்டாவதாக, நீர் திறந்து இரண்டு வாரத்துக்குள் கிராமத்தில் நீர் தேங்கும் இடங்களைச் சர்வே எண்ணுடன் பட்டியலிட்டு, அகப்பையால் பத்து முறை மொண்டு புழு உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். இதற்குப் பெரும் படிப்பு வேண்டா. நீரின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடையாகக் கிடப்பது அனாபிலிஸ் புழு. தலைகீழாகத் தொங்குவது மற்றை வகைக் கொசுக்களின் புழு.

மூன்றாவது, நிலமுடையோரின் மனச்சாட்சியைச் சார்ந்தது. நடவுக்கும் அறுவடைக்கும் இப்பொழுது தொலைதூர மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகின்றனர். அவர்களுள் சிலர் மலேரியா இன்னும் மிகுந்துள்ள மலைப்பிரதேசத்தவர். வந்த வாரத்திலேயே அவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்விப்பதும், நோய் கண்டால் மருந்து முழுமையும் உண்ணும்வரை உணவும் ஓய்வும் அளிப்பதும் அழைத்துவந்தவரின் கடமை. வைவாக்ஸ் என்னும் வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் தலைகாட்டும். அதை வேரறுக்க வைத்தியர் சொற்படி பதினான்கு நாள் மருந்து உண்ணவேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதென்று ஆளை வயலில் இறக்கினால், அவனுக்கும் கேடு, ஊருக்கும் கேடு. அன்றியும், பரிசோதனையை ஆட்களைத் துரத்துவதற்கு ஒரு சாக்காகப் பயன்படுத்துவது கொடுமை. அவ்வாறு செய்தால் அடுத்த பருவத்தில் நோயுற்றவன் மறைப்பான். மறைத்த நோயை எந்த அளவுகோலாலும் அளக்க இயலாது.

இந்த யோசனைக்கு வரக்கூடிய ஆட்சேபங்களை நான் அறிவேன். ஊருக்குக் கெட்ட பெயர் வரும், பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிப்பார்கள் என்பது ஒன்று. எண்ணிக்கையை மறைக்கும் ஊரிலேயே நோய் நிலைக்கிறது. எண்ணிக்கையை வெளியிட்ட ஊருக்குச் சுகாதார ஊழியர் தேடி வருகின்றனர். எது கெட்ட பெயர் என்று பெரியோரே தீர்மானிக்கட்டும். கொசு பெருகுகிறது என்று எழுதினால் பாசன நீரை நிறுத்திவிடுவார்களோ என்பது மற்றோர் அச்சம். 1847-ஆம் ஆண்டின் அறிக்கையும் பட்டுக்கோட்டை ஆராய்ச்சியும் நீரைப் பழிக்கவில்லை, நீரை ஆளும் முறையையே திருத்தச் சொல்லின. கணக்கு இருந்தால், எங்கள் வடிகாலைச் சீர்செய்து தாருங்கள் என்று நீர்வளத் துறையாரிடம் ஆதாரத்துடன் கேட்கலாம். கணக்கு இல்லாதவனுடைய மனு வெறும் முறையீடாகவே முடியும். இதெல்லாம் சர்க்கார் வேலை என்பது மூன்றாவது ஆட்சேபம். இரத்தத்தைச் சோதிப்பதும் மருந்து கொடுப்பதும் சர்க்கார் வேலையே; அவை இலவசமாகவே செய்யப்படுகின்றன. ஆனால் எந்தக் கொட்டகையில் எவன் போர்த்துப் படுத்திருக்கிறான் என்பதைச் சர்க்காருக்கு முன் அறிபவர் பண்ணைக்காரரே.

அடுத்த பருவத்திற்கு மதகு திறக்குமுன் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி, தெருவாரியாகக் கோடு போட்டு, கிராம சுகாதார செவிலியரின் ஒத்துழைப்புடன் முதல் வாரத்துக் கணக்கை எழுதத் தொடங்குமாறு நிலமுடைய பெருமக்களையும் கிராம உத்தியோகஸ்தர்களையும் வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறேன். இரண்டு பருவம் விடாது எழுதினால், காய்ச்சல் எந்த மாதத்தில் ஏறுகிறது, எந்த வாய்க்காலை ஒட்டி ஏறுகிறது என்பது அந்நோட்டிலேயே தெரியவரும். அவ்விடத்துக்கு மண்வெட்டியுடன் போவது பிறகு கடினமன்று.